இருபத்தொரு சென்டிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வலது கால் ஃபின், அந்த நீச்சல் துடுப்பு, கழன்றது. இழுவைப் படகின் ப்ரொப்பெல்லரில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியது. ஓர் உதை உதைத்தேன், அவ்வளவுதான். அந்த ரப்பர் சனியன் பூட்ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு காலில் ஃபின், மறு காலில் இரண்டு சாக்ஸ். நேராகப் போகப் பார்த்தால் வட்டமடிக்கிறேன். கூட இறங்கியிருந்த மலைதான் என் சிலிண்டரைப் பிடித்து இழுத்து ஏணிவரை கொண்டுவந்து சேர்த்தான்.

துறைமுகத்தில் முக்குளிப்பவர்கள் நாங்கள் ஆறு பேர். மலை ஆறடி நாலு அங்குலம். நான் நாலடி பத்து. அவனுக்கு மலை என்றும் எனக்குச் சிட்டு என்றும் பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. ஆறு பேரில் பெண் நான் ஒருத்திதான்.

மேலே ஏறியதும் எல்லார் முன்னாலும் மேற்பார்வையாளர் சொன்னார்: “உனக்குக் கால்ல பலமில்லம்மா.”

பலமில்லையாம். ஏழு வருஷமா இந்தக் காலை வச்சுக்கிட்டுத்தானே உங்க கப்பலுக்கு அடியில எல்லாம் போயிட்டு வந்தேன்? என் கால் இருபத்தொரு சென்டிமீட்டர். ஸ்டோரில் கொடுத்த ஃபின் ஆண்களுடைய அளவு. அது கழன்றதற்கும் பலத்துக்கும் என்ன சம்பந்தம்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு “சரி சார்” என்றேன். அந்த “சரி சார்”தான் இன்னும் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 6, வியாழன்

மேற்பார்வையாளர் அறிக்கை எழுதிவிட்டார். “கால் பலம் போதாமையால் நீரோட்டத்தில் கட்டுப்பாடு இழந்தார்.” கீழே கையெழுத்து, முத்திரை. ஃபின் என்ற சொல்லே அதில் இல்லை.

போன வருடத் தகுதித் தேர்வில் பதினொரு நொடி தாமதம். அதற்கே ஒரு வாய்ப்புதான் மிச்சம் வைத்திருந்தார்கள். இப்போது தேதியும் குறித்துவிட்டார்கள். ஏப்ரல் 16. முழு உபகரணத்தோடு நானூறு மீட்டர், பன்னிரண்டு நிமிடத்துக்குள். அதன் பிறகு ஓர் ஆளை ஐம்பது மீட்டர் இழுத்துக்கொண்டு வர வேண்டும். தவறினால் இனி தண்ணீரில் இறங்க முடியாது. கொட்டகையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதுக்கா நான் இந்த வேலைக்கு வந்தேன்?

மார்ச் 9, ஞாயிறு

மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்து, “பாப்பாவுக்கா?” என்றார். பாப்பாவுக்கு இல்லை, எனக்குத்தான் என்றதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைத் துடைத்துவிட என் கை பரபரத்தது. இரண்டாவது கடையில் விடுமுறைக்கு நீந்தப் போகிறவர்களுக்கான ஃபின் மட்டும்தான். மூன்றாவது கடையில் என் அளவு இருந்தது. இளஞ்சிவப்பு. மேலே கண் சிமிட்டும் மீன் படம்.

அதையும் வாங்கினேன். வெட்கத்தை விட்டு வாங்கினேன். நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தால் கால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் முதுகில் சிலிண்டரோடு உதைத்தால் தகடு நனைந்த அட்டை மாதிரி மடங்குகிறது. பாவம், அதைக் குறை சொல்லி என்ன. குழந்தைகள் சிலிண்டர் கட்டிக்கொண்டு கப்பலடிக்குப் போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. போன வருடமே அவள் கால் என்னைத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும்தான் மகளுக்குச் சின்னதாகிப்போன ஷூ அம்மாவுக்கு வருகிறது. மற்ற நாளில் நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். இன்று “வாயை மூடு” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

மார்ச் 10, திங்கள்

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா, அந்த மீன் படம் எனக்குப் பிடிச்சுது” என்கிறாள். கேலிதான், கழுதை.

மார்ச் 13, வியாழன்

இவர் தாம் வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து பழைய ட்யூப் ஒன்றைக் கொண்டுவந்து, வளையமாக வெட்டித் தந்தார். ஃபின்னையும் பூட்ஸையும் சேர்த்துக் குதிகாலோடு இறுக்கிப் பிடிக்க. தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, அளவெடுத்து அளவெடுத்து வெட்டினார். அப்படியே இருந்திருக்கலாம். “உன் காலுக்கு நான் நட்டும் போல்ட்டும் போட்டாத்தான் சரியா வரும்” என்று ஒரு ஜோக்.

எல்லாருக்கும் என் கால் ஜோக். கடைக்காரனுக்கு ஜோக், மகளுக்கு ஜோக், கட்டின புருஷனுக்கும் ஜோக். காலை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். வளையத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். ரோஷம் வேறு, தேவை வேறு.

மார்ச் 15, சனி

வளையம் ஃபின்னைப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பிடித்துக்கொண்டது. இருபது நிமிடத்தில் கால் மரத்துவிட்டது. மேலே வந்து கழற்றிப் பார்த்தால் விரலெல்லாம் நீலம். மலை பயந்துபோய்த் தேய்த்துவிட்டான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குதிப்பதற்கு முன் கூட இறங்குகிறவர் நம் ஃபின்னைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால்தான் குதிக்கலாம். மலை என் ஃபின்னை இரண்டு விரலால் தொடுவான். தொட்டுவிட்டு “ஓகே” என்பான். இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இத்தனை வருடமாக இப்படித்தான் நடக்கிறது. அதை நினைத்தாலும் இன்று எரிச்சலாக இருக்கிறது. நல்லவன்தான். அந்த நல்லதனம்தான் எரிச்சல்.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரர் ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமுள்ள மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார். சப்ளையரின் அளவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். நகல் எடுத்த ஒற்றைத் தாள். மஞ்சள் பூத்துவிட்டது. அதில் மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ். அவ்வளவுதான்.

“இதுக்குச் சின்னது வராதாண்ணே?” என்று கேட்டேன்.

“வந்தா இதுல போட்டிருப்பானே. அதுவும் யாரும் கேக்கலையேம்மா. நீ எப்பவாச்சும் எழுதிக் குடுத்திருக்கியா?”

வாயால் சொன்னது கணக்கில் வராதா? முதல் வருடம் சொன்னேனே, “அண்ணே, கொஞ்சம் பெருசா இருக்கு” என்று. சாக்ஸ் போட்டுக்கச் சொன்னதே நீங்கதானே? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று பொறுக்க முடியவில்லை. நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போய், அறிக்கையை மாற்றுங்கள் என்றேன். ஃபின் பெரிசு, அது எல்லாருக்கும் தெரியும், பழியை மட்டும் என் கால் மேல் போட்டிருக்கிறீர்கள் என்றேன். என் குரல் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அலமாரியைத் திறந்து உபகரணப் பதிவேடுகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு நாளும் இறங்குவதற்கு முன் நாங்கள் நிரப்பிக் கையெழுத்துப் போடும் பதிவேடு. மாஸ்க், சிலிண்டர், பெல்ட், பூட்ஸ், ஃபின். கடைசிக் கட்டம்: “பொருந்துகிறதா?”

ஆம்.

ஆம். ஆம். ஆம். ஏழு வருடம். என் கையெழுத்து. நீல மையில், கறுப்பு மையில், ஒரு தரம் பென்சிலில் கூட. மார்ச் 4 அன்று காலையும் ஆம்.

“நீ பொருந்துதுன்னு எழுதியிருக்க. நான் பொருந்தலைன்னு எப்படிம்மா எழுத முடியும்?” என்றார்.

பதிவேட்டை மூடி வைத்தேன். வெளியே வந்து, கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

ஏன் எழுதினேன்? இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெண்ணை எடுத்ததே பெரிய விஷயம் என்று காது பட பேசினார்கள். அதில் போய் “எனக்கு மட்டும் தனியா ஃபின் வேணும்” என்று கேட்பதா? இன்று ஃபின் கேட்பாள், நாளைக்கு என்ன கேட்பாளோ என்பார்கள். சமாளிப்போம் என்று ஆம் போட்டேன். மறுநாளும் போட்டேன். அப்புறம் கை தானாகப் போட்டது. யோசிக்கவேயில்லை. படுபாவி, உன் காலை நீயே பொய்யாக்கிட்டியேடி.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் ஆம் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 22, சனி

“இல்லை” என்று எழுதினால் என்ன ஆகும் என்று விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். பொருந்தாத உபகரணத்தோடு யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. பொருந்துவது வரும்வரை அவர் மேலேதான் இருக்க வேண்டும். ஸ்டோர் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

பத்து நாள் தண்ணீர் இல்லாமல். அதற்குப் பிறகும் ஃபின் வரும் என்று என்ன நிச்சயம்? தேர்வுக்கு இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தச் சனியனைப் போட்டுக்கொண்டு தேர்வில் தோற்பேன். எழுதினால் தேர்வுக்கே போகாமல் தோற்கலாம். இவரிடம் சொன்னேன். அன்றைக்குப் பிறகு ஜோக் அடிப்பதையே நிறுத்திவிட்டார், அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. “எழுதினா உண்மையையாவது எழுதின மாதிரி இருக்கும்” என்றார்.

சுலபமாகச் சொல்லிவிட்டார். டயர் கடையில் தேர்வு கிடையாது.

மார்ச் 24, திங்கள்

எழுதிவிட்டேன். இல்லை.

மூன்று எழுத்து எழுத எத்தனை நேரம். மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “யோசிச்சுத்தானே எழுதின?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப மேல நில்லு” என்றார்.

மலைக்குத்தான் கோபம். ஐந்து பேர் சேர்ந்து ஆறு பேர் வேலையைச் செய்ய வேண்டும், இன்று அவன் மூன்று தடவை இறங்கினான். ஏறி வந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றான். “இத்தனை வருஷம் ஓட்டிட்டீங்கக்கா. இன்னும் மூணு வாரம் ஓட்ட முடியாதா?”

உனக்கென்னடா, நீ மலை, உனக்கு எது கொடுத்தாலும் பொருந்தும் என்று சொல்லிவிட்டேன். அவன் ஃபின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 27, வியாழன்

கொட்டகை. மேசை, பேனா, சுவர்க் கடிகாரம். 9.10 இறங்கினார். 9.48 ஏறினார். 10.25 இறங்கினார். கையில் பேனாவோடு தண்ணீரில் வரும் குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோற்றால் இதுதான் மிச்ச வாழ்க்கை. மகள் பள்ளியில் “எங்கம்மா கப்பலுக்கு அடியில வேலை பாக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மாலையில் குளத்துக்குப் போய், வெறுங்காலோடு நாற்பது சுற்று நீந்தினேன். பலமில்லாத கால்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

ஸ்டோர்காரர் கூப்பிட்டனுப்பினார். பதில் தர வேண்டிய கெடு நெருங்கியதால் சப்ளையருக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் முழுப் புத்தகத்தையும் அனுப்பிவிட்டார்கள். அதை என் முன்னால் விரித்து வைத்தார். நம் சுவரில் இருக்கும் அதே பட்டியல்தான். மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ். அவர் ஒரு பக்கம் புரட்டினார்.

அடுத்த பக்கத்தில் மிச்சப் பட்டியல். ஸ்மால், எக்ஸ்ட்ரா ஸ்மால், அதற்கும் கீழே ஒன்று. பூட்ஸோடு சேர்த்து. இருபத்தொன்று முதல் இருபத்திரண்டு சென்டிமீட்டர் கால். பெரியவர்களுக்கான முழு நீளத் தகடு, கறுப்பு நிறம். மீன் படம் இல்லை.

அடுத்த பக்கம்!

சுவரில் ஒட்ட ஒரு பக்கம் போதும் என்று அவர் நகல் எடுத்ததே ஒரு பக்கம்தான். அப்போது குழுவில் இருந்த எல்லாருக்கும் அந்த மூன்று அளவுக்குள் முடிந்துவிட்டது. நான் வந்தபோது யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை. நான் ஆம் என்று எழுதியதால் புரட்ட அவசியமும் வரவில்லை.

ஏழு வருஷம், ரெண்டு சாக்ஸ், நீலம் பாரிச்ச விரல், அந்த அறிக்கை. எல்லாம் ஒரு பக்கத்தைப் புரட்டாததால. “அண்ணே, ஒரு தாள்ணே, ஒரே ஒரு தாள்” என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார். “தப்புதாம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்ட இன்னும் நிறைய வைத்திருந்தேன். எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டால் எப்படித் திட்டுவது?

அதே பக்கத்தின் அடியில் பெரிய அளவுகளும் இருந்தன. ஐம்பதாம் நம்பர் கால்வரை.

ஏப்ரல் 3, வியாழன்

மலை கொட்டகைக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றி, காலைத் தூக்கி மேசை மேல் வைத்தான். எழுதுகிற பதிவேட்டுக்குப் பக்கத்தில். கட்டை விரல் நகம் இரண்டும் கறுப்பு. சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியே கிடக்கிறது.

“எனக்கு எது குடுத்தாலும் பொருந்தும்னீங்களேக்கா. பாருங்க. எக்ஸ்ட்ரா லார்ஜ் எனக்குச் சின்னது.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். சேர்ந்ததிலிருந்து என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். யார் கேட்கிற கேள்வி இது? அவனே சொன்னான், இவ்வளவு பெரிய ஆள் கால் வலிக்குது என்று போய் நின்றால் சிரிப்பார்கள் என்று. அவனும் ஆம். ஏழு வருடமாக இவன் என் ஃபின்னை இரண்டு விரலால் தொட்டான். இவன் ஏணியில் ஏறும்போது முகம் சுளிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவனைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இந்த மாதம் மன்னிப்புக் கேட்டே காலம் போகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

மலை: இல்லை.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அனுபவிக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டது. இரண்டு பெட்டி, ஒன்று என் கை நீளம்கூட இல்லை, மற்றொன்றில் என் மகளைப் படுக்க வைக்கலாம்.

சாக்ஸ் இல்லாமல் பூட்ஸ் போட்டேன். ஃபின்னில் காலை நுழைத்தேன். ஸ்ட்ராப்பை இழுத்தேன். எங்கேயும் இடைவெளி இல்லை, எங்கேயும் கடிக்கவில்லை. ஸ்டோரின் சிமென்ட் தரையில் ஃபின்னோடு நின்றுகொண்டே அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதானா, இவ்வளவு சாதாரணமா என்ற ஆத்திரத்தில். ஸ்டோர்காரர் சுவரிலிருந்த மஞ்சள் தாளைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் இறங்கினேன். பத்தே நிமிடம். இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டன. வலி தாங்காமல் ஏணியைப் பிடித்தேன்.

இது என்ன கொடுமை? பொருந்துகிற ஃபின்னிலும் கால் இழுக்கிறதா? ஒரு வேளை அவர் சொன்னது சரிதானோ? கால்ல பலமில்லையோ?

ஏப்ரல் 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு உதைத்துப் பழகினேன். இவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் விரலை மடக்கிக்கிற?” என்றார்.

பார்த்தேன். உதைக்கும்போதெல்லாம் என் பத்து விரலும் உள்ளே மடங்கி நிற்கின்றன. கழன்று போகிற ஃபின்னை இத்தனை வருடம் விரலால் கவ்விக்கொண்டுதான் நீந்தியிருக்கிறேன். எனக்கே தெரியாது. இப்போது கவ்வ அவசியமில்லை, ஆனால் விரலுக்கு யார் சொல்வது? பாதி பலம் பிடித்துக்கொள்வதற்கே போய்விட்டது. மிச்சப் பாதியில்தான் நீந்தியிருக்கிறேன். அதை வைத்துத்தான் போன வருடம் பதினொரு நொடி.

பலமில்லாத காலாம்!

ஏப்ரல் 14, திங்கள்

விரலை நீட்டு. விரலை நீட்டு. சமைக்கும்போது, பேருந்தில், பல் தேய்க்கும்போது. மகள் நான் உட்காரும் இடத்திலெல்லாம் வந்து, “விரல்!” என்கிறாள். நினைவு இருந்தால் நீள்கிறது. மறந்தால் மடங்கிவிடுகிறது. இன்னும் இரண்டு நாள்.

ஏப்ரல் 16, புதன்

துறைமுகத்தின் உட்பகுதியில் தேர்வு. மேற்பார்வையாளர் கையில் நிறுத்து கடிகாரம். முதல் இருநூறு மீட்டர் விரலை நினைத்துக்கொண்டே போனேன். திரும்பும் மிதவைக்கு அப்புறம் மூச்சு வாங்கியதில் மறந்துவிட்டேன். வலது கெண்டைக்கால் முறுக்க ஆரம்பித்தது. உள்ளுக்குள் மகளுடைய “விரல்!” கேட்டது. நீட்டினேன். வலியோடு நீட்டினேன். முறுக்கு மெல்ல விட்டது.

பதினொரு நிமிடம் இருபது நொடி.

இழுத்து வர வேண்டிய ஆளாக வேண்டுமென்றே மலையைப் போட்டிருந்தார். மலை காதோடு, “நான் கொஞ்சம் உதைச்சுக்கட்டுமாக்கா, யாருக்கும் தெரியாது” என்றான். பிணம் மாதிரி கிட என்றேன். கிடந்தான். ஐம்பது மீட்டரும் இழுத்தேன்.

தேறிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

“பாத்தியா, பயிற்சி பண்ணதும் கால்ல பலம் வந்துடுச்சு” என்று மேற்பார்வையாளர் தட்டிக்கொடுத்தார்.

பழைய அறிக்கையைத் திருத்துங்கள் என்றேன். தேறியாகிவிட்டது, பழசை ஏன் கிளறுகிறாய் என்றார். என் பெயருக்குக் கீழே அது இருக்கிறதே சார் என்றேன். பார்க்கலாம் என்றார். அவருடைய “பார்க்கலாம்” எனக்குத் தெரியும்.

அவர் மேசையிலிருந்த ஸ்டேப்லரை நானே எடுத்தேன். பட்டியலின் இரண்டாம் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருந்தேன். அதில் என் அளவைச் சுற்றி வட்டம் போட்டு, மார்ச் 24 பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு சேர்த்து, அறிக்கைக்குப் பின்னால் வைத்து மூன்று இடத்தில் குத்தினேன். “இருந்துட்டுப் போகட்டும் சார், படிக்கிறவங்க பக்கத்தைப் புரட்டிப் பாக்கட்டும்” என்றேன். அவர் தடுக்கவில்லை. கோப்பை மூடி அலமாரியில் வைத்தார்.

மே 8, வியாழன்

காலை ஏழு மணி. பயணப் படகின் அடியைப் பார்க்கும் வேலை. கலங்கல் தண்ணீர். மலை புது ஃபின்னைப் போட்டுக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நகம் இன்னும் கறுப்புதான், வளர நாளாகும் என்கிறான். நான் அவன் ஃபின்னைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

அவன் என் ஃபின்னைப் பிடித்தான். பழக்க தோஷத்தில் இரண்டு விரல். நான் முறைத்தேன். முழுக் கையாலும் பிடித்து ஒரே இழு இழுத்தான். ஃபின் வரவில்லை. நான்தான் இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போனேன்.

நாற்பது நிமிடம் கீழே இருந்தோம். ஏறி வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், கீழே இருந்த நேரம் முழுக்க விரலை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கெண்டைக்காலில் வலியும் இல்லை.